விடிவெள்ளியின் பெயரில் வந்த ஏடுகள்

ஒரு ஞாயிறு காலை. திருகோணமலை தூய மரியன்னை பேராலயத்தில் திருப்பலி நிறைவுற்று, மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கடற்காற்று முற்றத்து மரங்களை அசைத்துக்கொண்டிருந்தது. அப்பொழுது ஒரு தாய் நம்மை அணுகினார். அவருடைய கணவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மூத்த மகள் கனடாவில் வாழ்கிறாள். அவளுக்குத் திருமணம் பேசி முடிந்திருக்கிறது. மணமகன் தமிழ் இளைஞனே. ஆயினும் அவனுடைய பெற்றோர் புலம்பெயர்ந்த இடத்தில் மோர்மன் சபையில் சேர்ந்தவர்கள். அவனும் அச்சபையின் வழக்கப்படி எட்டு வயதில் திருமுழுக்குப் பெற்றவன்.

"தங்கமான பிள்ளை, ஐயா. குடி இல்லை, சிகரெட் இல்லை. தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டாராம். ஆனால் அந்தத் தம்பி பெற்ற திருமுழுக்கு செல்லாது எண்டு அங்கத்தைப் பங்குச் சுவாமி சொல்லிப்போட்டார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலேதானே அவையளும் குடுக்கினம்? பிறகு ஏன் செல்லாது?"

அத்தாயின் கண்களில் கோபம் இல்லை; குழப்பமே இருந்தது. அக்கேள்விக்கு முற்றத்தில் நின்றபடி இரண்டு வார்த்தைகளில் பதில் சொல்ல இயலவில்லை. ஏனெனில் அதற்கான விடை ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி பழைய செய்தித்தாள்களிலும் திங்களிதழ்களிலும் அச்சாகிக் கிடக்கிறது. அவற்றுள் ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே, சென்னையில் அச்சானது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். அச்சபையின் முழுப் பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பதாகும். ‘மோர்மன்’ என்ற பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே வழங்குமாறு அச்சபை 2018 ஆம் ஆண்டில் வேண்டிக்கொண்டது. வரலாற்றைக் கூறுகையில் வாசகர் அறிந்த பெயரே எளிதாதலால் அதனை இங்கு வழங்குகிறோம். இகழ்ச்சிக்காக அன்று.

அச்சகத்தில் பிறந்த சபை

1830 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பல்மைரா என்ற சிற்றூரில் ‘மோர்மன் நூல்’ 5,000 பிரதிகள் அச்சிடப்பட்டு விற்பனைக்கு வந்தது. வானதூதர் ஒருவர் காட்டிய பொற்றகடுகளிலிருந்து அதனைத் தாம் மொழிபெயர்த்ததாக இளைஞர் ஜோசப் ஸ்மித் அறிவித்தார். அடுத்த மாதம், ஏப்ரல் 6 ஆம் நாள், சபை முறையாக நிறுவப்பட்டது. நூல் முந்தியது, சபை பிந்தியது. அச்சகத்தோடு பிறந்த சபை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கென ஒரு திங்களிதழும் தோன்றிற்று. 1832 ஜூன் மாதம் மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில் வில்லியம் பெல்ப்ஸ் என்பவரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த அவ்விதழின் பெயர் ‘மாலை விண்மீனும் காலை விண்மீனும்’ என்று பொருள்படும். ஜோசப் ஸ்மித் தமக்குக் கிடைத்ததாகக் கூறிய வெளிப்படுத்தல்கள் பல முதன்முதல் அதில்தான் அச்சேறின.

ஆனால் அயலார் அவர்களைச் சகிக்கவில்லை. 1833 ஜூலை 20 ஆம் நாள் ஒரு கும்பல் அச்சகத்தைத் தகர்த்து, அச்சுப்பொறியை மேல்மாடியிலிருந்து கீழே தள்ளிற்று. வீதியில் சிதறிய அச்சுத் தாள்களை மேரி, கரோலைன் என்ற இரு சிறுமியர் அள்ளிக்கொண்டு சோளத் தோட்டத்தினுள் ஓடி ஒளிந்து காப்பாற்றினார்கள் என்பது அச்சபையார் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை.

அன்பு வாசகர்களே, இக்கதையைக் கேட்டு நாம் ஏளனம் செய்ய இயலாது. ஒல்லாந்தர் இத்தீவின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் நம் முன்னோர் மறைவிடங்களில் கூடிச் செபித்தவர்கள். மாறுவேடத்தில் வந்து அவர்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கிய யோசப் வாஸ் அடிகளாரை 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக உயர்த்தினார். விசுவாசத்துக்காக ஒளிந்து வாழ்வது எத்தகையது என்பதை அறிந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். பிறர் பட்ட துன்பத்தை மதிக்கவும் நமக்குத் தெரிய வேண்டும்.

எனினும் வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவதில்லை. 1844 ஜூன் 7 ஆம் நாள் இலினோய் மாநிலத்தின் நாவூ நகரில், சபையிலிருந்து பிரிந்தவர்கள் ‘நாவூ எக்ஸ்பொசிட்டர்’ என்ற பத்திரிகையை வெளியிட்டார்கள். தலைவர்கள் மறைவில் பலதார மணம் செய்கிறார்கள் என்று அது குற்றஞ்சாட்டிற்று. ஜோசப் ஸ்மித் தலைமை வகித்த நகரசபையின் ஆணைப்படி மூன்றாம் நாளே அந்த அச்சகம் அழிக்கப்பட்டது. பத்திரிகை ஓர் இதழோடு முடிந்தது. ஆனால் விளைவு முடியவில்லை. அதன் பொருட்டுச் சிறைப்பட்ட ஜோசப் ஸ்மித்தை ஜூன் 27 ஆம் நாள் ஒரு வன்முறைக் கும்பல் சிறைச்சாலையிலேயே சுட்டுக் கொன்றது. தம் அச்சகம் உடைக்கப்பட்டபோது அழுதவர்களே பதினோர் ஆண்டுகளின் பின் பிறருடைய அச்சகத்தை உடைத்தார்கள். அந்தத் தவறு அவர்களுக்கு மட்டுமே உரியதென்று எண்ண வேண்டாம். அதிகாரம் கைக்கு வரும்போது மனித உள்ளம் இப்படித்தான் மாறிவிடுகிறது.

சென்னைக்கு வந்த ‘விண்மீன்’

இதற்கிடையில், 1840 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ‘மிலேனியல் ஸ்டார்’, அதாவது ‘ஆயிரமாண்டு விண்மீன்’ என்ற மோர்மன் இதழ் தொடங்கப்பட்டது. அது 1970 ஆம் ஆண்டுவரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1841 ஜனவரியில், யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ உதித்தது. பெயர் ஒத்திருப்பினும் இரண்டுக்கும் தொடர்பில்லை. உதயதாரகை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த புரட்டஸ்தாந்து நற்செய்தியாளர்களின் ஏடு. விடிவெள்ளியின் பெயரைத் தம் ஏட்டுக்குச் சூட்டுவதில் அக்காலக் கிறிஸ்தவர்கள் பலருக்கும் ஆசை இருந்தது. திருவெளிப்பாட்டு நூலின் இறுதி அதிகாரத்தில் இயேசு தம்மை விடிவெள்ளியாகக் காட்டுகிறார் அல்லவா? ஆதலின் அப்பெயரைச் சூடுவோர் அனைவரும், ‘ஒளி எங்களிடம் உள்ளது’ என்றே சொல்ல விழைந்தார்கள்.

1853 ஆம் ஆண்டில் மோர்மன் போதகர்கள் கப்பலேறி நம் பகுதிக்கும் வந்தார்கள். சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்ற இருவர் இலங்கைக்கு வந்தார்கள். கேட்பார் இல்லாமையால் பம்பாய்க்குச் சென்றுவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலை மாதம் ரிச்சர்ட் பலன்டைன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தம் தோழர்களுடன் சென்னையில் இறங்கினார். 1849 டிசம்பரில் சோல்ட் லேக் சிட்டியில் தம் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவர் அவரே.

சென்னையில் அவருக்கு மேடை கிடைக்கவில்லை. எனவே அச்சை நாடினார். எதிர்ப்புத் துண்டுநூல்களுக்கு மறுப்புத் துண்டுநூல்களை வெளியிட்டார். 1854 ஆம் ஆண்டில் மான்செஸ்டர் இதழின் பெயரையே தழுவி, ‘மிலேனியல் ஸ்டார்’ என்று தொடங்கும் பெயருடன் ஒரு திங்களிதழையும் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சில இதழ்களுடன் அது நின்றது. அவ்வாண்டே அவரும் கப்பலேறித் திரும்பினார். 1856 ஆம் ஆண்டுடன் அந்த முதல் இந்தியப் பணி முடிவுற்றது. பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரிடையே நடந்த அப்பணி தமிழரின் இல்லங்களை எட்டவில்லை.

அக்காலம் துண்டுநூல் போர்களின் காலம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதே 1854 ஆம் ஆண்டில்தான் ஆறுமுக நாவலர் கிறிஸ்தவர்களுக்கு மறுப்பாகச் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். நம் கத்தோலிக்க மக்களுக்கும் தம் நிலையைத் தாமே சொல்ல ஓர் ஏடு வேண்டியிருந்தது. 1876 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ‘சத்திய வேத பாதுகாவலன்’ பிறந்தது அத்தகைய தேவையினால்தான்.

ஏடுகள் காட்டும் மாற்றம்

பேச்சு காற்றோடு போகும், அச்சு நிற்கும். மோர்மன் ஏடுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், அச்சபையின் போதனைகள் எவ்வாறு மாறி வந்தன என்பது அவர்களுடைய சொற்களாலேயே விளங்கும்.

திருமணத்தை எடுத்துக்கொள்வோம். 1835 ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட வெளிப்படுத்தல் தொகுதியில் ஒருவனுக்கு ஒருத்தி என்ற அறிக்கை இடம்பெற்றது. 1852 ஆகஸ்ட் மாதம் பலதார மணமே இறைவனின் நியமம் என்று யூட்டாவில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, அவர்களுடைய ‘டெசரெட் நியூஸ்’ ஏட்டில் வெளியானது. சென்னையில் பலன்டைன் பட்ட இடர்களுள் இதுவும் ஒன்று. 1854 இல் பலதார மணத்தைப் பற்றியே ஒரு துண்டுநூலை அவர் அச்சிட நேர்ந்தது. பின்னர் 1890 ஆம் ஆண்டு அச்சபையின் தலைவர் வில்போர்ட் வூட்ரப் அதனைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். இன்று அச்சபையில் ஒருவர் பலதார மணம் செய்தால் சபையிலிருந்தே நீக்கப்படுவார்.

அந்தத் தாய் குறிப்பிட்ட தேநீரும் அவ்வாறே. புகையிலை, மது, சூடான பானம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லும் 1833 ஆம் ஆண்டின் போதனை கட்டளையாக அன்றி அறிவுரையாகவே முதலில் தரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டிலேயே அது கண்டிப்பான விதியாயிற்று.

இவை ஒழுக்கமுறை பற்றியவை. கடவுளைப் பற்றிய போதனையில் நிகழ்ந்த மாற்றமே மிகப் பெரியது. 1830 இல் வெளிவந்த மோர்மன் நூலில் தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்று கூறும் பகுதிகள் உள்ளன. ஆனால் 1844 ஏப்ரல் 7 ஆம் நாள் நாவூவில் ஜோசப் ஸ்மித் ஆற்றிய நீண்ட உரையில், தந்தையாம் கடவுளும் ஒரு காலத்தில் மனிதராக இருந்து உயர்வடைந்தவர் என்றும், மனிதரும் அவ்வாறே தெய்வநிலைக்கு உயரலாம் என்றும் போதித்தார். அவர் இறந்த பின், 1844 ஆகஸ்ட் 15 ஆம் நாளைய ‘டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்’ ஏட்டில் அவ்வுரை அச்சானது. தந்தைக்குச் சதையும் எலும்பும் கொண்ட உடல் உண்டு, மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட தனித்தனி உருவினர் என்பது இன்றும் அச்சபையின் போதனை.

இங்கு நேர்மையான ஒருவர் நம்மிடம் கேட்கக்கூடும்: "பலன்டைன் சென்னையில் ஏடு நடத்திய அதே 1854 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள்தானே திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அன்னை மரியாவின் அமல உற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்? உங்கள் போதனையும் மாறவில்லையா?"

நல்ல கேள்வி. இக்கேள்வியோடு போராடி, 1845 இல் கோட்பாட்டு வளர்ச்சி பற்றி ஒரு பெருநூல் எழுதி, அவ்வாண்டே கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர் ஜான் ஹென்றி நியூமன். 2019 ஆம் ஆண்டில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் வழிநின்று எளிமையாகச் சொன்னால், வளர்ச்சி வேறு; மாற்றீடு வேறு. பனங்கொட்டை முளைத்து வடலியாகி, வடலி பனையாவது வளர்ச்சி. முளைத்த வடலியைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தில் வேறொன்றை நடுவது மாற்றீடு. அன்னையின் அமல உற்பவ விழாவை 1854 க்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே மக்கள் கொண்டாடி வந்தார்கள். அந்த விசுவாசத்தையே திருச்சபை தெளிவுபடுத்திற்று. ஆனால் தொடக்கமும் முடிவும் இல்லாத கடவுள் என்பதற்கு மாறாக, ஒரு காலத்தில் மனிதராக இருந்து உயர்ந்த கடவுள் என்று கூறுவதை அவ்விதம் வளர்ச்சி எனக் கொள்ள முடியாது.

ஒரே சொல், வேறு பொருள்

இனி அத்தாயின் கேள்விக்கு வருவோம்.

2001 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கரின் கையொப்பத்துடன் ஒரு பதிலை வழங்கிற்று. மோர்மன் சபை வழங்கும் திருமுழுக்கு செல்லுபடியாகுமா என்பது கேள்வி. ‘இல்லை’ என்பது பதில்.

திருச்சபை இவ்வாறு கூறுவது அரிது. மூன்றாம் நூற்றாண்டில் பிரிந்துசென்றோர் வழங்கிய திருமுழுக்கு செல்லாது என்று கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் வாதிட்டபோது, திருத்தந்தை புனித ஸ்தேவான் அதை ஏற்கவில்லை. முறையாக வழங்கப்பட்ட திருமுழுக்கை மீண்டும் வழங்கலாகாது என்பதே நிலைத்த மரபாயிற்று. ஆகவேதான் நம் அயலிலுள்ள மெதடிஸ்த சகோதரரின் திருமுழுக்கையும் அங்கிலிக்கன் சகோதரரின் திருமுழுக்கையும் நாம் மதித்து ஏற்கிறோம். அவர்களுள் ஒருவர் கத்தோலிக்கராக விரும்பினால் அவருக்கு மீண்டும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

மோர்மன் சபையிலும் தண்ணீர் உண்டு. தந்தை, மகன், தூய ஆவி என்ற பெயர்களும் உண்டு. ஆயின் அப்பெயர்களால் அவர்கள் குறிப்பது, என்றென்றும் ஒரே கடவுளாயிருக்கும் மூவொரு இறைவனை அன்று. சொல் ஒன்று, பொருள் வேறு. இதனை அக்காலத்தில் விளக்கி எழுதிய இயேசு சபை இறையியலார் லூயிஸ் லடாரியா, பொதுநன்மைக்கான பல பணிகளில் கத்தோலிக்கரும் மோர்மன் சபையினரும் இணைந்து உழைப்பதையும் நினைவூட்டினார். அத்தீர்ப்பு ஓர் அருளடையாளத்தைப் பற்றியது. மனிதரின் நல்லெண்ணத்தையோ கடவுளின் இரக்கத்தையோ அளந்து சொன்ன தீர்ப்பு அன்று.

ஆகையால் அந்த இளைஞனுக்கும் நம் மகளுக்கும் திருமணக் கதவு அடைபட்டுவிடவில்லை. மெதடிஸ்த இளைஞனை மணக்க ஆயரின் அனுமதி தேவை. திருமுழுக்குப் பெறாதவராகக் கருதப்படும் ஒருவரை மணப்பதற்கோ ஆயரிடமிருந்து திருமணத் தடையை நீக்கும் விலக்களிப்புப் பெறவேண்டும். அஃதின்றி நடக்கும் திருமணம் செல்லுபடியாகாது. தன் விசுவாசத்தில் நிலைத்திருப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் மணமகள் வாக்களிக்க வேண்டும். மணமகனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மண்டபம் பதிவு செய்வதற்கும் கூறைச்சேலை எடுப்பதற்கும் முன்னரே இவையெல்லாம் பேசப்படவேண்டும் என்பதே பெற்றோருக்கு நாம் கூறும் அன்பான அறிவுரை.

பங்குப் பதிவேடும் பாட்டியின் பெயரும்

இன்னொரு செய்தியும் நம் குடும்பங்களைத் தொடுகிறது. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்போர் திருமுழுக்குப் பெறும் வழக்கத்தை ஜோசப் ஸ்மித் 1840 இல் போதிக்கத் தொடங்கினார். 1842 இல் அதுபற்றிய அவருடைய கடிதங்கள் ‘டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்’ ஏட்டில் வெளியாயின. அதற்காக முன்னோரின் பெயர்களைத் திரட்டும் தேவையிலிருந்தே அச்சபையின் உலகப் புகழ்பெற்ற வம்சாவளிப் பணி வளர்ந்தது. முன்னோரைத் தேடும் பலருக்கு அப்பணி உதவியிருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

எனினும் 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாளிட்ட மடலில், பங்குப் பதிவேடுகளை அப்பணிக்காகப் படமெடுக்கவோ கணினிப்படுத்தவோ அனுமதிக்கவேண்டாம் என்று வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் உலக ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. நம் பாட்டியின் பெயர் பங்குப் பதிவேட்டில் இருப்பது வெறும் தகவல் அன்று. அவர் இறைவனின் பிள்ளையானதற்கு அது சாட்சி. அவருக்கு இன்னொரு திருமுழுக்குத் தேவையில்லை. அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் செபமும் திருப்பலியுமே.

நாம் கற்க வேண்டியது

அன்பு வாசகர்களே, கழுத்துப் பட்டியும் பெயர்ச் சட்டையூசியும் அணிந்த இரு இளைஞர்கள் வெளிநாட்டில் நம் பிள்ளைகளின் கதவைத் தட்டும்போது, அவர்களைத் திட்டி அனுப்புவது விசுவாசம் ஆகாது. அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதும் விசுவாசம் ஆகாது. அவர்கள் இளமையில் தம் செலவைத் தாமே ஏற்று, வீட்டை விட்டு ஊழியத்துக்கு வருகிறார்கள். நம் இளைஞர்களோ, நாம் யாரை விசுவசிக்கிறோம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். குறை யாரிடம்?

325 ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தில் வேரூன்றிய விசுவாச அறிக்கையை ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோம். அதைச் சொல்ல ஓரிரு நிமிடங்கள் போதும். ஆனால் மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஆயர்கள் நாடுகடத்தப்பட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? வாரத்தில் ஓர் இரவு, செபமாலை முடிந்தபின், அந்த அறிக்கையின் ஒரு வரியை எடுத்துக் குடும்பமாகப் பேசிப் பாருங்கள். தாய் அறிந்ததைத் தாய் சொல்லட்டும்; பிள்ளைகள் கேட்கட்டும். தெரியாததைப் பங்குத்தந்தையிடம் கேட்கலாம்.

மறுவாரம் அத்தாயிடம் இவற்றைப் பொறுமையாக எடுத்துச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், இறுதியில் சொன்னார்: "அப்ப அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒண்டும் இல்லை. என்ர பிள்ளைக்குத்தான் நான் இதெல்லாம் சொல்லிக் குடுக்கேல்லை."

அன்றிரவே மகளோடு பேசப்போவதாகக் கூறி அவர் வீடு திரும்பினார்.

நம் துறைமுகத்துள் இரவில் நுழையும் கப்பல், தூரத்தில் தெரியும் எல்லா வெளிச்சத்தையும் நம்பிச் சுக்கானைத் திருப்புவதில்லை. எது கலங்கரை விளக்கு, எது அலையில் ஆடும் தோணியின் விளக்கு என்று அறிந்தே திரும்புகிறது. தோணி விளக்கைப் பிடித்திருப்பவன் பகைவன் அல்லன். அவனும் கரை தேடுகிறவனே. ஆனால் அறிந்து செல்பவனே கரை சேர்வான்.

விடியலின் விண்மீனாகிய ஆண்டவரே, உமது பெயரைச் சொல்லும் அனைவரையும் உமது முழு உண்மைக்குள் கூட்டிச் சேர்த்தருளும். கடலின் விண்மீனாகிய அன்னை மரியே, கடல் கடந்து வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு வழிகாட்டும். ஆமென்.